பச்சை வயர் போய்ச் சேர்ந்த இடம்

மார்கழிக் காலையில் அம்மா பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு, தண்ணீர் காய்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்விட்சை அணைக்கவில்லை. அன்றைக்கே டவுன்ஹால் ரோட்டுக்குப் போய் 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர் வாங்கி வந்துவிட்டேன்.

மாட்டுவது நானேதான் என்று முடிவு. ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட், காலிங் பெல் எல்லாம் நான் மாற்றியவைதானே. பாத்ரூம் லைட்டுக்குப் போகும் லைனிலிருந்தே ஒரு பாயின்ட் இழுத்துவிடலாம் என்பது திட்டம். பெட்டியில் 2000 வாட்ஸ் என்று இருந்தது. 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். லைட்டுக்குப் போட்டிருந்ததோ 1 ஸ்கொயர் எம்எம் பழைய வயர். சரி, 2.5 வயரைத் தனியாக இழுத்தால் போச்சு என்று வாங்கப் போனேன். கடைக்காரர் வயரை அளந்துகொண்டே, "வீட்டுல எர்த் இருக்கா சார்?" என்றார்.

"மூணு பின் பாயின்ட் இருக்கே."

"ஓட்டை இருக்கும். எர்த் இருக்கான்னு கேட்டேன்."

என் டெஸ்டர் கரண்ட் வரும் பேஸ் வயர் எது என்று சொல்லும், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வேலை செய்கிறதா என்று சொல்லாது. பழங்காநத்தத்தில் எங்கள் வீடு தாத்தா கட்டியது. சுவருக்குள் எது எங்கே போகிறது என்று சொல்ல அவரும் இல்லை. அதோடு என் வீரம் முடிந்தது.

வந்த எலக்ட்ரீஷியனிடம் தயங்கித்தான் வயர்மேன் லைசென்ஸ் கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்புறம் ஹோல்டரில் ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பை மாட்டி, இரண்டு வயர் முனைகளால் பேஸையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் தொட்டார். பளீரென்று எரிந்தது. பேஸும் எர்த்தும்? பல்பில் ஒரு சிவப்புக்கூட இல்லை. எர்த்தின் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் வரை போனோம். அது பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. அந்தக் குழாயும் ஒரு முழம்தான். அதற்கு மேல் எல்லாம் பிளம்பர் மாற்றிப் போட்ட பிவிசி.

"பைப்புல கட்டுனதே தப்பு தம்பி. இப்ப எர்த்து பிளாஸ்டிக்குல போய் நிக்குது."

வாஷிங் மெஷினைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறது என்று அம்மா எத்தனை நாளாகச் சொன்னாள்! செருப்புப் போட்டுக்கொள் என்று சொன்னவன் நான்தான்.

"ஷாக் அடிச்சா பீஸ் போயிடாதாண்ணே?" என்று கேட்டேன்.

"பீஸ் கட்டை வயரைத்தான் காப்பாத்தும். அது எரிஞ்சு போக ஆம்பியர் கணக்குல ஓடணும். ஆள் போக மில்லி ஆம்பியர் கணக்கே போதும்."

வேலையைப் பிரித்துக்கொண்டோம். சுவரைக் கொத்துவது, பைப் பதிப்பது, ஹீட்டரைத் தொங்கவிட போல்ட் அடிப்பது என் பாடு. வேப்பமரத்தடியில் குழி தோண்டியதும் நானே. அதில் எர்த் குழாய் இறக்கி உப்பும் கரியும் போட்டது, லோடு கூடினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்சிபி, பாத்ரூமுக்கும் கொல்லைக்கும் சேர்த்து, கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எல்லாம் அவர். ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே.

எல்லாம் முடிந்து ஹீட்டரைப் போட்டோம், ஓடியது. பாத்ரூம் லைட்டைப் போட்டதும் ஆர்சிசிபி டப்பென்று விழுந்தது. மறுபடி தூக்கினால் மறுபடி விழுகிறது. நானாக இருந்தால் புதுச் சாமான் பழுது என்று கடைக்குத் திரும்ப ஓடியிருப்பேன். அவர் அரை நாள் ஜங்ஷன் பாக்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்தார்: யாரோ அந்த லைட்டுக்கு ஹாலிலிருந்து நியூட்ரல் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஆர்சிசிபி வழியாகப் போன கரண்ட் அதன் வழியாகவே திரும்ப வேண்டும். வேறு வழியில் திரும்பினால் கசிவு என்று எண்ணி அது லைனை வெட்டிவிடும்.

கூலி 3,500 ரூபாய். மாதம் ஒரு தடவை 'டி' பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். நான் கோணல்மாணலாகக் கொத்திய சுவர்தான் இன்னும் பூசாமல் கிடக்கிறது. கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரமாகிறது.