எஃப்5 அழுத்தினால் வேறு கோப்பு ஓடியது

விம் என்ற எடிட்டரில் எஃப்5 அழுத்தினால் திறந்திருக்கும் பைத்தான் நிரல் கோப்பு ஓட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆச்சரியக்குறி, பைத்தான், சதவீதக் குறி என்று ஒரு வரியை எஃப்5-க்குக் கட்டினேன். ஆச்சரியக்குறி மீதி வரியை ஷெல்லுக்கு, அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்கு, அனுப்பும். சதவீதக் குறி இருக்கும் இடத்தில் விம் கோப்பின் பெயரைப் போட்டுவிடும். நன்றாகவே ஓடியது.

அப்புறம் 'புது கணக்கு' என்று இடைவெளி விட்டு ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தேன். என்ன திருத்தினாலும் பழைய விடையே வந்துகொண்டிருந்தது. ஷெல் இடைவெளியில் பெயரை வெட்டி, 'புது' என்பதை நிரலாகவும் 'கணக்கு' என்பதை அதற்கான ஆர்கியுமென்டாகவும் (நிரலுக்குக் கூடவே கொடுக்கும் மதிப்பு) கொடுத்திருக்கிறது. அதே அடைவில் 'புது' என்றும் ஒரு பழைய கோப்பு கிடந்ததால் அது சமர்த்தாக ஓடிவிட்டது. அது இல்லாதிருந்தால் பிழைச் செய்தியாவது வந்திருக்கும்!

சரி, இரட்டை மேற்கோள் போட்டேன். இடைவெளிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இரட்டை மேற்கோளுக்குள்ளும் டாலர் குறிக்கு உயிர் உண்டு: அதை அடுத்து வருவதை ஷெல் ஒரு மாறியின் பெயராக எடுத்து, அதன் மதிப்பைப் போடும், மதிப்பு இல்லாவிட்டால் வெறுமையாக்கும். 'சோதனை$1' என்ற கோப்பு வெறும் 'சோதனை' ஆனது. ஒற்றை மேற்கோளுக்கு மாறினால் டாலர் அடங்கும், ஆனால் பெயரிலேயே ஒற்றை மேற்கோள் இருந்தால் போச்சு. ஒற்றை மேற்கோளுக்குள் எந்தக் குறியையும் பின்சாய்கோடு போட்டுச் சாதாரண எழுத்தாக்க வழியில்லை. மூடி, பின்சாய்கோட்டோடு ஒரு மேற்கோள் வைத்து, மறுபடி திறக்க வேண்டும்: '\''. இதைக் கையால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் விம்மின் ஷெல்எஸ்கேப் ஃபங்ஷன் அதையே செய்கிறது என்று தெரிந்தது. ஆச்சரியக்குறிக் கட்டளையில் பயன்படுத்தும்போது அதற்கு இரண்டாவது மதிப்பாக 1 கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரில் இருக்கும் சதவீதக் குறியை விம்மே விரித்துவிடும். ஷெல்லுக்கு முன்னால் எடிட்டர் ஒரு கை பார்க்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

விண்டோஸில் இதெல்லாம் வேறு கதை. அங்கே ஷெல்லாக இருக்கும் சிஎம்டிக்கு ஒற்றை மேற்கோள் சாதாரண எழுத்து. இன்டர்பிரெட்டரின் (பைத்தான் கோப்பை ஓட்டும் நிரல்) பாதையிலும் கோப்பின் பாதையிலும் இடைவெளி இருந்ததால் இரண்டையும் இரட்டை மேற்கோளில் வைத்தேன். சிஎம்டி முதல் மேற்கோளையும் கடைசி மேற்கோளையும் உரித்துவிட்டது. முழு வரியையும் சுற்றி இன்னொரு ஜோடி போட்டால்தான் சரியாகிறது. பார்க்கத் தப்பாகத் தெரியும், ஆனால் அதுதான் வழி.

இத்தனைக்கும் பிறகு ஷெல்லையே விட்டுவிட்டேன். 2016-இல் வந்த விம் 8 முதல், வேறொரு நிரலை விம்மிலிருந்தே தொடங்கும் ஜாப்ஸ்டார்ட் ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குப் பட்டியலாகக் கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பும் ஒரு ஆர்கியுமென்ட். யுனிக்ஸில் நடுவில் ஷெல்லே கிடையாது. ஷெல் செய்துதரும் பைப்பும் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்புவது) நட்சத்திரக் குறியும் (பல கோப்புப் பெயர்களாக விரிவது) வேலை செய்யாது, அது எனக்குப் பரவாயில்லை. ஒரே இடத்தில் மட்டும் சறுக்கினேன்: என் விம் அமைப்பில் இன்டர்பிரெட்டரின் பெயரையும் அதற்குக் கொடுக்கும் விருப்பத்தையும் (ஆப்ஷன்) பட்டியலில் ஒரே உறுப்பாக, ஒரே சரமாக வைத்திருந்தேன், இரண்டும் சேர்ந்ததே நிரலின் பெயர் என்று தேடியது. அதையும் பட்டியலாக்கினேன். கோப்புக்கு முழுப் பாதை கொடுக்கிறேன், பெயர் சிறுகோட்டில் தொடங்கினாலும் பைத்தான் அதை விருப்பமாக எடுத்துக்கொள்ளாது.

தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் ஓட்டுவதற்கு அவற்றை நேராகப் பைத்தானின் உள்ளீட்டுக்கு அனுப்புகிறேன், மேற்கோளே தேவைப்படவில்லை. ஃபங்ஷனுக்கு உள்ளிருந்து வரிகளை எடுத்தால் முன்இடைவெளியால் பிழை வருகிறது. பொதுவான முன்இடைவெளியை வெட்டி அனுப்பும் வேலை இன்னும் பாக்கி.