ஸ்பிதிக்கு பஸ்ஸிலேயே போய்வர

இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குள் நுழைய இரண்டு வழிகள். மணாலியிலிருந்து குன்ஸும் கணவாய் ஏறி இறங்கினால் ஒரே நாளில் ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா வந்துவிடும். சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனால், ஒழுங்காகத் தங்கித் தங்கிப் போக ஐந்தாறு நாளாகும். லீவு குறைவாக இருப்பவர்கள் முதல் வழியைப் பிடிக்கிறார்கள். முதல்முறை போகிறவர்கள், அதுவும் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களிலிருந்து கிளம்புகிறவர்கள், தயவுசெய்து அந்த வழியாக நுழையாதீர்கள்.

காரணம் உயரம்தான். மணாலி சுமார் 2,050 மீட்டர். குன்ஸும் ஏறக்குறைய 4,550. காஸா 3,700ஐ ஒட்டி. காலையில் இரண்டாயிரத்தில் இருந்த உடம்பை இரவு மூவாயிரத்து எழுநூறில் படுக்கவைத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரிசையாக வரும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உயர நோய் முற்றினால் முக்கியமான வைத்தியம் கீழே இறங்குவது. காஸாவிலிருந்து மணாலிப் பக்கம் இறங்க நினைத்தால், முதலில் இன்னும் 850 மீட்டர் ஏறிக் கணவாயைக் கடந்தாக வேண்டும். மூச்சு வாங்கும் ஆளை அந்த ரோட்டில் ஏற்றவே கூடாது. காஸாவுக்குக் கீழே இருக்கும் தாபோ, கின்னௌர் பக்கம்தான் இறக்க வேண்டும்.

மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்வது மலையேறிகள் பின்பற்றும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவு இறங்கிவந்து படுத்தால் உடம்பு தாங்கும். இந்தக் கணக்கைக் கின்னௌர் வழி தானாகவே போட்டுத் தருகிறது: சிம்லா 2,200, கல்பா 2,960, தாபோ 3,280, அப்புறம் காஸா. பலரும் தாபோவுக்கு முன்னால் வரும் நாக்கோவில் இரவு தங்குகிறார்கள். அங்குள்ள ஏரி அழகுதான், ஆனால் ஊர் 3,660 மீட்டரில் இருக்கிறது. கல்பாவிலிருந்து நேராக அங்கே போய்ப் படுப்பது ஒரே இரவில் 700 மீட்டர் ஏற்றம். அதைத் தாண்டிப் போய்த் தாபோவில் படுங்கள்.

பயணத்தைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போவதாக இருந்தால், முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பரிலிருந்து). டெல்லியிலிருந்து கால்கா, அங்கிருந்து 96 கிலோமீட்டர் குட்டி ரயில், சிம்லா. நேரம் இல்லையென்றால் டெல்லி காஷ்மீரி கேட்டிலிருந்து அரசு பஸ். சிம்லாவில் பஸ் ஏறுமிடம் துட்டிகண்டி நிலையம். கல்பாவுக்குக் கீழே இருக்கும் ரெக்காங் பியோவுக்குப் பத்து மணி நேரம் ஆகும். பியோவில் ஒரு விஷயம்: பஸ் ஸ்டாண்ட் கடைவீதியில் இல்லை, மேட்டில் இருக்கிறது. காஸா பஸ் அதிகாலையில் கிளம்பும். அதனால் முந்தைய நாளே கவுன்டரில் போய் நேரத்தையும் டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். கல்பாவில் தங்கினால், காலையில் முதல் லோக்கல் பஸ் அந்த நேரத்துக்குக் கீழே வந்து சேருமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வராது என்றால் கடைசி இரவைப் பியோவிலேயே வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பஸ்ஸை விட்டால் ஒரு நாள் போனது போனதுதான்.

பியோவிலிருந்து காஸா இருநூறு கிலோமீட்டர்தான், ஆனால் முழுப் பகலும் ஓடும். காப் என்ற இடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜில் கலக்கிறது. அதிலிருந்து மேலே மரம் அபூர்வம். நாக்கோ பக்கம் மல்லிங் என்ற ஓடை மழையிலும் பனி உருகும்போதும் சாலையைத் தின்றுவிடும். அப்போது பஸ் இந்தப் பக்கம் நின்றுவிடும். பயணிகள் சரிவை நடந்து கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வேறு பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கும். டிராலிப் பெட்டி இங்கே உதவாது. முதுகுப் பை 40, 45 லிட்டர் போதும். எடை எட்டு, ஒன்பது கிலோவைத் தாண்டக்கூடாது. கனமான சாமான்களை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புக்கு நடுவே வருமாறு வையுங்கள். இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் தோளில் பாரம் நன்றாகக் குறையும். பையின் மழையுறையை மழை இல்லாவிட்டாலும் போட்டுவையுங்கள், பஸ்ஸின் மேலே தூசி அப்படி.

துணியில் நம் ஊர்க்காரர்கள் ஜீன்ஸையும் பருத்தியையும் அடைத்துக்கொண்டு போகிறார்கள். நனைந்தால் காயாது, எடையும் கூடும். தெர்மல் ஒரு ஜோடி, ஃப்ளீஸ் ஒன்று, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்று, கம்பளிச் சாக்ஸ் இரண்டு போதும். பவர்பேங்கையும் கேமரா பேட்டரியையும் இரவில் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். சின்ன டார்ச் கட்டாயம். தாபோ மடாலயம் 996இல் கட்டப்பட்டது. மண்சுவர்க் கட்டடம், உள்ளே இருட்டு, படம் எடுக்க அனுமதியில்லை. சுவரோவியங்களை டார்ச் வெளிச்சத்தில் அடிஅடியாகப் பார்க்க வேண்டும். ஸ்பிதியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் சொல்வது இதைத்தான்.

காஸாவில் முதல் நாள் எங்கும் போகாதீர்கள். தண்ணீர், தூக்கம், துக்பா சூப், அவ்வளவுதான். பிறகு கீ மடாலயம் (4,166 மீட்டர்), லாங்ஸா, ஹிக்கிம் கிராமங்கள் என்று பகலில் போய் இரவுக்குக் காஸாவுக்கே திரும்புங்கள். ஊர் பஸ்கள் கிராமத்து மக்களின் நேரத்துக்கு ஓடுகின்றன. பல பஸ்கள் மாலையில் மேலே போய், இரவு அங்கேயே நின்று, காலையில் இறங்கும். பகலில் போய்வர டாக்ஸியைப் பங்குபோட வேண்டும். தங்கும் விடுதியில் ஆள் சேர்ப்பது எளிது.

உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைட் மாத்திரை பற்றிக் கிளம்புமுன் மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா வகை மருந்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தமாக்கும், தொடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை மறுகாலின் விரலில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காஸாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. உடனே அங்கே போய்விட்டு, இறங்க ஏற்பாடு செய்யுங்கள்.

பணத்தைச் சிம்லாவிலோ பியோவிலோ எடுத்துவிடுங்கள். காஸாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் கரன்டோ இணைப்போ போனால் அதுவும் யுபிஐயும் சேர்ந்து படுத்துவிடும். பிஎஸ்என்எல் சிம் ஒன்று கையில் இருக்கட்டும். லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு வேலை செய்யாது என்று கேட்டுப் பயப்பட வேண்டாம், இமாச்சலத்தில் அந்தத் தடை இல்லை.

எப்போது போவது? ஸ்பிதியில் மழை மிகக் குறைவு, ஆனால் அங்கே போகும் சாலை நல்ல மழை பெய்யும் பகுதிகளைக் கடந்துதான் போகிறது. 2021 ஆகஸ்டில் கின்னௌரின் நிகுல்சாரியில் மலைச்சரிவு ஓர் அரசு பஸ்ஸையே புதைத்தது, பலர் இறந்தார்கள். ஜூலை கடைசியையும் ஆகஸ்டையும் விட்டுவிடுங்கள். செப்டம்பர் சிறந்த மாதம். எந்த மாதமானாலும் திரும்பும் ரயிலுக்கு முன் இரண்டு நாள் காலியாக வையுங்கள்.

திரும்பும்போது மணாலி வழியாக வரலாம், அதற்குள் உடம்பு பழகியிருக்கும். குன்ஸும் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். பஸ் ஓடுகிறதா என்று காஸா நிலையத்தில் முந்தைய நாளே கேளுங்கள். அதிகாலை வண்டியையே பிடியுங்கள்: வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் கடக்கும் ஓடைகளில் மதியத்துக்குமேல் தண்ணீர் பெருகும், சிறு வண்டிகள் மாட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். கிராம்ஃபூ என்ற இடம் தாண்டியதும் நல்ல ரோடு. அடல் சுரங்கம் 2020இல் திறந்தபின் ரோஹ்தாங் கணவாய் ஏற வேண்டியதில்லை, மாலைக்குள் மணாலி.