நவம்பர் பட்டுவாடா

நவம்பர் 3, திங்கள்

நவம்பர் பிறந்துவிட்டால் தபால் பையைவிடக் கைப்பேசிக்கும் ரேகைக் கருவிக்கும்தான் எனக்கு வேலை அதிகம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை இந்த மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். 80 வயது கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ என்ற பெயரில் இது மின்னணுச் சான்றிதழ் ஆனது. 2020 முதல் தபால்காரர்களே வீடு தேடிப் போய் எடுத்துத் தருகிறோம். ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு, ஒரு விரல் ரேகை, 70 ரூபாய் கட்டணம். எல்லாம் கூடிவந்தால் ஐந்து நிமிட வேலை.

முன்பெல்லாம் நவம்பரில் வங்கி திறப்பதற்கு முன்பே வாசலில் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். அந்த வரிசை மறுபடி வரவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். மூச்சிரைக்கப் படியேறிய ஒருவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனதைப் பார்த்தவன் நான். ஆனால் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை முகம் பார்த்துக்கொண்டதும் அந்த வரிசையில்தான். யாருக்குப் பேத்தி பிறந்தாள், யாருக்குக் கண் ஆபரேஷன் ஆனது, யாரை இந்த வருடம் காணோம் என்ற விவரமெல்லாம் அங்கேதான் கைமாறும். வரிசை போனது நல்லது. அந்தப் பேச்சு எங்கே போனது என்றுதான் யாரும் கேட்கவில்லை. இப்போது பெரியவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: “அவர் வீட்டுக்குப் போனீர்களா தம்பி? எப்படி இருக்கிறார்?”

நவம்பர் 6, வியாழன்

மதுரை திருமலை நாயக்கர் மஹால் பக்கம், பந்தடித் தெருவில் ஒரு பாட்டி வீடு. நீளமான பழைய வீடு. மழை மேகத்தில் பகலிலேயே இருட்டிக் கிடந்தது. எண்பதைத் தாண்டியவர். சின்ன வயதிலிருந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட கை. கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஈரத்துணியால் துடைத்தும் வைத்தோம். கருவி எதையும் ஏற்கவில்லை. ரேகை என்று சொல்ல அந்த விரல்களில் எதுவும் மிச்சமில்லை.

சரி, முகத்தைப் படமெடுத்துப் பதிவு செய்யலாம் என்றால் வெளிச்சம் போதவில்லை. மாடியில் ஓர் இளைஞன் ஆவணியில் குடிவந்தான். கணினி வேலை, வீட்டிலிருந்தேதான். பார்சல் கொடுக்கப் போனால் கதவை ஒரு சாண் திறந்து, ரகசிய எண்ணைச் சொல்லி, வாங்கிக்கொண்டு மூடிவிடுவான். கீழே நின்று சத்தம் கொடுத்தேன். தயங்கித்தான் வந்தான். வந்தவன் நிலைமையைப் பார்த்துவிட்டு ஓடிப்போய், அலுவலகக் கூட்டங்களுக்குத் தன் முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளும் வட்ட விளக்கைக் கொண்டுவந்தான்.

“மாடியில் இருக்கிறவன் நீதானா அப்பா? வாடகை மாதாமாதம் மகன் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆள் இன்றைக்குத்தான் வருகிறது” என்றார் பாட்டி.

விளக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. எதிரில் இருப்பது புகைப்படம் அல்ல, உயிருள்ள முகம்தான் என்று உறுதிசெய்ய அந்தச் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. பாட்டி கண்ணை மூடினால் மூடியபடியே இருந்தார். திறந்தால் இமைக்காமல் என்னையே பார்த்தார். அந்தப் பையன் சட்டென்று அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, “என்னைப் பாருங்கள் பாட்டி, நான் செய்கிற மாதிரி செய்யுங்கள்” என்று கண்ணைச் சிமிட்டிக் காட்டினான். பாட்டி சிரித்துக்கொண்டே சிமிட்டினார். திரையில் வட்டம் பச்சையானது. சான்றிதழ் எண் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது.

காபி குடிக்காமல் விடமாட்டேன் என்றார். அவருடைய கணவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது, இன்றைக்கு வீட்டில் உலை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தந்தி என்றால் என்ன, புள்ளியும் கோடுமாக எப்படிச் செய்தி போகும் என்று பையன் துருவித் துருவிக் கேட்டான். நான் கிளம்பும்போது அவன் கிளம்பவில்லை. எனக்குப் பட்டுவாடா தாமதமானது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பாதி நாள் கழிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் 30-ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையைப் பற்றிப் படித்தேன். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட மரணங்களில் அதற்குப் பங்கு இருக்கிறது என்கிறது அறிக்கை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த வரியில். 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையை உணர்கிறார்கள், பதின்வயதினரிடம் அது மிக அதிகம். வயதானவர்களின் கவலை என்றுதான் நாம் இதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பார்சல் வாங்கிக் கதவை மூடும் பிள்ளைகள் எல்லாரையும் நினைத்துக்கொண்டேன்.

கைப்பேசியைத் தூக்கி எறி என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் மனைவியும் துபாயில் இருக்கும் அவள் தங்கையும் தினமும் கீரை ஆயும் நேரத்தில் பேசிக்கொள்கிறார்கள். கடிதக் காலத்தில் அவர்களுக்கு இந்த நெருக்கம் வாய்த்திருக்காது. தபால்காரன் நானே சொல்கிறேன்.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்களின் கட்டுரை 2021-இல் வந்தது. பழைய நண்பரோடு தொடர்பு கொள்ளச் சொல்லி, சிலரைத் தொலைபேசியில் பேசவைத்தார்கள். சிலரை மின்னஞ்சல் எழுதவைத்தார்கள். பேசினால் சங்கடமாக இருக்கும் என்றுதான் பலரும் முன்கூட்டியே நினைத்தார்கள். பேசியவர்களுக்கு எழுதியவர்களைவிட நெருக்கம் கூடியது. பயந்த சங்கடம் வரவில்லை. நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி தேவைப்படாது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நாமும் இப்போது எழுதத்தானே செய்கிறோம்? இழவு வீட்டுக்குக்கூட கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

நவம்பர் 13, வியாழன்

தெற்கு மாசி வீதிச் சந்து ஒன்றில் ஓய்வுபெற்ற ரயில் கார்டு இருக்கிறார். மதுரை – போடி மீட்டர்கேஜ் பாதையில் பல வருடம் ஓடியவர். ரேகை ஒரே தடவையில் விழுந்தது. நான் எழுந்ததும், “என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் வில்லாபுரத்தில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. நவம்பரில் வங்கியில் பார்ப்போம். அது நின்றபின் பார்க்கவில்லை. இருக்கிறாரா, இல்லையா என்றே தெரியவில்லை” என்றார்.

வில்லாபுரம் என் பீட், அதாவது நான் தபால் கொடுக்கும் பகுதி, இல்லை. சாயங்காலம் அங்கே பட்டுவாடா செய்யும் தம்பியிடம் சொன்னேன். கேட்காமல் ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பது எங்கள் தொழிலுக்கு அழகல்ல. விசாரித்து, அனுமதி வாங்கிக்கொண்டு வா என்றேன்.

நவம்பர் 15, சனி

டிரைவர் நன்றாக இருக்கிறார். எண் கிடைத்துவிட்டது.

நவம்பர் 19, புதன்

கார்டு வீட்டில் எட்டிப் பார்த்தேன். “வணக்கம், நலமா?” என்று பேரன் தட்டி அனுப்பியிருக்கிறான். அங்கிருந்து ஒரு ரோஜாப் பூ வந்திருக்கிறது. மறுநாள் இங்கிருந்து ஒரு பிள்ளையார். அதோடு சரி. பேசுங்கள் அய்யா என்றேன். பேசினாராம், டீசல் இன்ஜின் பக்கத்திலேயே வாழ்ந்தவருக்குக் காது பெரும்பாலும் போய்விட்டது, எதுவும் கேட்கவில்லையாம்.

அப்படியானால் முகம் பார்த்துப் பேசுங்கள் என்று வீடியோ அழைப்புப் போட்டுக் கொடுத்தேன். திரையில் அந்தப் பெரியவர் முகம் வந்ததும் கார்டு பேசவில்லை. தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து, கொடி அசைப்பதுபோல மெதுவாக அசைத்தார். அந்தப் பக்கம் சில நொடி அசைவே இல்லை. பிறகு டிரைவர் கையை உயர்த்தி, இல்லாத கயிற்றை இழுத்து, ‘கூ’ என்று நீளமாக ஒலி எழுப்பினார். அவருடைய மகள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அதற்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் சொன்னது யாருக்குப் புரிந்ததோ, இருவருக்கும் அது பொருட்டாக இல்லை.

நவம்பர் 24, திங்கள்

பந்தடித் தெருப் பாட்டி வீட்டில் இன்று மதியம் ரசம் வாசனை. மாடிப் பையன் திண்ணையில் உட்கார்ந்து அவருடைய கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். மல்லிகை விலை பனிக்கு ஏறிவிட்டது, கால் முழம்தான் கட்டுப்படியாகிறது என்று பாட்டி குறைப்பட்டுக்கொண்டார். பார்சலைக் கொடுத்தேன். “ரகசிய எண்” என்று நான் ஆரம்பிப்பதற்குள், “சாப்பிட்டீர்களா அண்ணா?” என்றான்.

நவம்பர் 30, ஞாயிறு

மதுரை – போடிப் பாதையில் மீட்டர்கேஜ் வண்டி 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதையாக 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் திரும்ப வந்தது. வந்த பிறகு கார்டும் டிரைவரும் அதில் ஏறியதில்லை. இன்று இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். மகளும் பேரனும் பயந்ததால் துணைக்கு நானும் போனேன்.

மதுரை நிலையத்தில் கார்டு தன் பழைய பெட்டியைத் தேடிப்போய், பணியில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார். 2022 முதல் கார்டு என்ற பெயர் ‘டிரெயின் மேனேஜர்’ ஆகிவிட்டது என்று அந்தப் பிள்ளை சொன்னதும், “மேனேஜரா! எங்களுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லையே” என்று டிரைவரின் காதருகே கார்டு கத்தினார். உசிலம்பட்டி வரை ஜன்னலோர இடத்துக்குச் சண்டை. ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததும் இருவரும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். எந்த மேட்டில் இன்ஜின் திணறும், எந்த மழையில் வண்டியை நிறுத்தினோம் என்று ஒரே வாக்குவாதம். எதிர்ச் சீட்டில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் அதை மடியில் வைத்துவிட்டு, “அப்போது யானை குறுக்கே வருமா தாத்தா?” என்று கேட்டாள். டிரைவருக்கு அந்தக் கேள்வி மட்டும் தெளிவாகக் கேட்டது. போடி வரை அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது கார்டு ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்களின் பெயர்கள். சிலருக்குத் தெரு, சிலருக்கு வெறும் ஊர்ப் பகுதி. ஆரப்பாளையம், செல்லூர், திருநகர், பரவை. நாளைக் காலை தபால் பிரிக்கும்போது அந்தந்த பீட் தம்பிகளிடம் பிரித்துக் கொடுக்க, ராத்திரி உட்கார்ந்து தனித்தனிச் சீட்டாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.