சலூன் நாற்காலியிலிருந்து தொடங்குவோம்

அக்டோபர் 9

வரும் 29ஆம் தேதி உலக சொரியாசிஸ் தினம். தோல் தடித்து, செதில் செதிலாக உதிரும் நோய் இது. நாள்பட்ட, தொற்றாத, வலி தரும் நோய்களில் இதுவும் ஒன்று என்று உலக சுகாதாரப் பேரவை 2014ஆம் ஆண்டு தீர்மானம் நிறைவேற்றியது. நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் வழக்கத்துக்கு எதிராக அந்த நாளில் மக்களிடம் பேசும்படி நாடுகளையும் ஊக்கப்படுத்தியது. எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே இந்த நோய் உண்டு என்பதால் நானே பேசப் போகிறேன்.

ஆஸ்பத்திரிச் சுவரில் போஸ்டர் ஒட்டினால் நோய் இருப்பவர்தான் நின்று படிப்பார். ஆனால் ஒதுக்கிவைப்பது சலூனில், ஹாஸ்டலில், பெண் பார்க்கப் போகும் வீட்டில் நடக்கிறது. அங்கே போய்த்தான் பேச வேண்டும்.

அக்டோபர் 13

கடைத்தெரு சலூன் அண்ணனிடம் இன்று வெகுநேரம் பேசினேன். மனதில் இருந்ததை மறைக்காமல் கொட்டிவிட்டார்.

"தம்பி, கறுப்புத் துணியைப் போர்த்தி சீப்பை வெச்சதும் வெள்ளை வெள்ளையா உதிருது. அதைப் பாத்து, அடுத்து உக்காந்திருக்கிறவர் எழுந்து போயிடுறார். நான் என்ன பண்ணட்டும்?"

நியாயமான கேள்விதான். தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தூண்டிவிடுவதால் வரும் வினை. முதிராத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து செதிலாக உதிர்கின்றன. அந்தச் செதிலைக் கையில் எடுத்தாலும், அதே சீப்பால் இன்னொருவர் தலைவாரினாலும் இந்த நோய் ஒட்டாது.

"அப்போ படர்தாமரை?" என்றார். அது பூஞ்சையால் வருவது, கட்டாயம் பரவும். எது எது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை இல்லை. சீப்பையும் மெஷினையும் ஒவ்வொருவருக்கும் சுத்தம் செய்துவிட்டு, ஆளுக்கொரு புது பிளேடு போட்டால் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

அப்புறம் அவருக்கே புதிதாக இருந்த ஒரு விஷயத்தைச் சொன்னேன். எங்களில் பலருக்குத் தோலில் கீறல் விழுந்த இடத்திலேயே புதுத் தடிப்பு கிளம்பும். அதனால் சீப்பால் செதிலைச் சுரண்டி எடுக்கக் கூடாது, பிடரியில் பிளேடை அழுத்தக் கூடாது. சற்று யோசித்துவிட்டு, "கறுப்புத் துணிய மாத்திட்டு வெளிர் நிறத்துல வாங்கிடுறேன், உதிர்றது கண்ணுக்குத் தெரியாதுல்ல" என்றார். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத யோசனை!

அக்டோபர் 17

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சாதத்திலேயே காலம் தள்ளும் ஓர் அம்மா இருந்தார். இந்த நோயை வரவழைக்கும் காய் என்று எதுவும் இல்லை. குடி, புகை, அதிக எடை, மன அழுத்தம், தொண்டைப் புண் இவையெல்லாம் தூண்டிவிடும்.

கூட்டம் முடிந்த பிறகு ஒருவர் தனியே வந்து மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டுதான். ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றேன். மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் அந்தப் பெண் முழுக்கைச் சட்டைக்குள்ளேயே வாழ வேண்டியிருக்கும்.

அக்டோபர் 23

மருந்து விஷயத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை இந்த நோய்க்கு வாரம் ஒரு நாள்தான் தருவார்கள். தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் யாராவது சாப்பிட்டால் அட்டையின் மேல் கிழமையைக் கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள். சாப்பிடும்போது சட்டென்று அடங்கும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். சிலருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும். சித்த மருத்துவத்தில் தரும் வெட்பாலைத் தைலத்தைப் பலர் தடவுகிறார்கள். தடவுங்கள், ஆனால் அதை நம்பி மற்ற மருந்தைச் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். 'நிரந்தர குணம்' என்று விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டாம். இன்றைய மருத்துவத்தால் நோயை நன்றாக அடக்கிவைக்க முடியும், வேரோடு எடுக்க முடியாது. இதை நேராகச் சொல்கிற மருத்துவரிடம் போங்கள்.

அக்டோபர் 29

கல்லூரியில் பேச அரை மணி நேரம் கொடுத்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவன் படிக்கட்டு வரை கூடவே வந்து கையை நீட்டினான். நகங்களில் ஊசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்னக் குழிகள். நடுவிரல் அடி முதல் நுனி வரை வீங்கியிருந்தது. காலையில் எழுந்தால் வெகுநேரம் மடக்க முடிவதில்லையாம். கிரிக்கெட் பந்து பட்டதாக நினைத்துத் தைலம் தேய்த்து வந்திருக்கிறான். முழங்கையில் தடிப்பு இருக்கிறதா என்று கேட்டதும் சட்டைக் கையை மேலே ஏற்றினான்.

சொரியாசிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டுகளும் பாதிக்கப்படும். காலம் கடத்தினால் அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாது. அவன் அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுக்கச் சொல்லி, தோல் மருத்துவரையும் மூட்டு மருத்துவரையும் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போகிறார். அரசு ஆஸ்பத்திரியில் எந்த அறையில் சீட்டு வாங்க வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.