ஏஐ அறநெறி: நான் படித்த வழி

எனக்கு வேலை மென்பொருள் சோதனை. கணிதம் ஓரளவு வரும், சட்டம் படித்ததில்லை. ஏஐ அறநெறியும் ஆளுகையும் படிக்கலாம் என்று முடிவெடுத்ததும் கொள்கை ஆவணங்களைத்தான் முதலில் எடுத்தேன். யுனெஸ்கோ 2021 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பரிந்துரை, நிதி ஆயோக் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கை. நியாயம், வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை என்று எல்லாவற்றிலும் அதே சொற்கள். மறுக்க எதுவும் இல்லை, ஆனால் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை.

பிடி கிடைத்தது அமெரிக்காவில், புளோரிடாவின் பிரோவார்ட் கவுண்டியில். கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணித்து 1 முதல் 10 வரை (எண் கூடினால் ஆபத்தும் கூடுதல்) மதிப்பெண் போடும் காம்பாஸ் மென்பொருளை அங்கே பயன்படுத்தினார்கள். அது கறுப்பினத்தவருக்கு எதிராகச் சாய்கிறது என்று 2016இல் புரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் எழுதியது. பெரிய உபகாரம் என்னவென்றால், தரவையும் இணையத்தில் போட்டார்கள். அதை இறக்கி எக்செலில் நானே கணக்குப் போட்டேன்.

இரண்டு ஆண்டுகளில் புது வழக்கு எதிலும் சிக்காதவர்களை மட்டும் பிரித்தேன். அவர்களில் 5 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வாங்கியவர்கள் கறுப்பினத்தவரில் 45 சதவீதம், வெள்ளையரில் 23 சதவீதம். அநியாயம் என்று தோன்றுகிறதா? சரி, இப்போது மென்பொருள் செய்த நார்த்பாயின்ட் சொன்ன பதிலையும் போட்டுப் பார்ப்போம். அந்த உயர் மதிப்பெண் வாங்கியவர்களில் உண்மையிலேயே மறுபடி வழக்கில் சிக்கியவர்கள் கறுப்பினத்தவரில் 63 சதவீதம், வெள்ளையரில் 59. கிட்டத்தட்ட சமம்.

இரண்டு கணக்கும் சரி. மறுபடி வழக்கில் சிக்கும் விகிதமே அந்தத் தரவில் கறுப்பினத்தவரில் 51 சதவீதம், வெள்ளையரில் 39. இப்படி அடிப்படை விகிதம் மாறும்போது, கணிப்பு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலொழிய, உயர் மதிப்பெண் பலிக்கும் விகிதம், தவறாக உயர் மதிப்பெண் போடும் விகிதம், தவறாகக் குறைந்த மதிப்பெண் போடும் விகிதம் எல்லாம் இரு பக்கமும் சமம் என்ற நியாயங்களை ஒன்றாகக் காப்பாற்ற முடியாது என்று புள்ளியியல் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா சூல்டெகோவா நிரூபித்திருக்கிறார். அவருடைய கட்டுரையைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபடி படித்தேன், மெதுவாகத்தான் போனது. அப்புறம் அந்த 51ஐயே சந்தேகிக்க வேண்டியிருந்தது. தரவில் இருப்பது குற்றம் இல்லை, போலீஸ் பதிவு செய்த வழக்கு. போலீஸ் அதிகம் சுற்றும் தெருவில் வழக்கும் அதிகம் பதிவாகும். எந்த நியாயத்தைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தே ஆக வேண்டும். அந்த யாரோ யார்? ஆளுகை என்ற பாடம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

அதே கேள்வியோடு ஆஸ்திரேலியாவின் ராபோடெப்ட் விவகாரத்துக்குப் போனேன். உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்து, 'கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கொடு' என்று இயந்திரமே நோட்டீஸ் அனுப்பியது. சில மாதம் வேலை, சில மாதம் இல்லை என்று வாழ்கிறவர்களுக்கு அந்தச் சராசரி பொய். இல்லாத கடனை இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவர்கள் தலையில். 2023 ஜூலையில் வந்த அரச விசாரணை ஆணைய அறிக்கையைப் படிப்பது கஷ்டமாக இருந்தது. சட்டப்படி இது செல்லுமா என்ற எச்சரிக்கை தொடக்கத்திலேயே அரசுக்குள் எழுந்திருந்தது. புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இந்த அறிக்கையைத்தான்.

சட்டத்தைக் கடைசியாகத்தான் தொட்டேன். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம். ஒவ்வொரு பிரிவிலும் 'இது இருந்திருந்தால் பிரோவார்டில், ஆஸ்திரேலியாவில் என்ன மாறியிருக்கும்?' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போகிறேன். காம்பாஸ் போன்றவற்றை அது நேரடியாகக் கையாள்கிறது. ராபோடெப்ட்டில் சிக்கல்: மனிதர்கள் எழுதிய விதியை அப்படியே இயக்கும் மென்பொருளை அந்தச் சட்டம் ஏஐ என்று கணக்கில் எடுப்பதில்லை. வெறும் சராசரிக் கணக்கு அதில் சிக்காது. தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட பாதுகாப்பான, அறநெறி சார்ந்த ஏஐ கொள்கையை அடுத்து எடுத்திருக்கிறேன். அதிலும் முதலில் பார்க்கப்போவது இந்த ஓட்டையைத்தான்.