பெரிய கோயிலின் நடுக்கோடு

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருவாயிலைத் தாண்டியதும் நடுவில் நின்று மேற்கே பாருங்கள். நந்தி, மண்டபங்கள், ஏறத்தாழ 216 அடி உயர விமானம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. விமானத்தின் வடபாதியும் தென்பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். கோட்டின் முடிவில் கருவறை இருளில் பெருவுடையார். வாசலிலேயே கை கூப்பிவிட்டேன்.

உடன் வந்த தங்கை மகள் பள்ளியில் சமச்சீர்க் கோடு, அதாவது ஓர் உருவத்தை இரண்டு கண்ணாடிப் பிம்பப் பாதிகளாகப் பிரிக்கும் கோடு, படிக்கிறாள். விமானத்தின் அடித்தளம் சதுரம், பக்கம் ஏறத்தாழ நூறு அடி. எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று நான்கு கோடுகளை அவளே சொன்னாள். உச்சியில் உள்ள சிகரம் எண்பட்டை. அதற்கு எட்டுக் கோடுகள். 1010-இல் ராஜராஜ சோழன் செப்புக் குடம் அளித்த உச்சி அது!

திருச்சுற்று செவ்வகம், நீளம் அகலத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. "இதற்கும் மூலைக்கு மூலை கோடு வரும்தானே பெரியம்மா?" என்றாள். கையிலிருந்த அர்ச்சனைச் சீட்டைக் குறுக்காக மடித்துக் காட்டினேன். ஓரங்கள் பொருந்தாமல் இரு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. செவ்வகத்துக்கு இரண்டே கோடுகள்தான். பூக்கடையில் வாங்கிய மூவிலை வில்வத்துக்கு நடுநரம்பு ஒன்றே கோடு. தீபம் எரிந்த ஐந்துமுகக் குத்துவிளக்கை மேலிருந்து பார்த்தால் ஐந்து.

வலம் வந்து வடபுறம் திரும்பும்போதுதான் இந்தக் கணக்கு மாறுகிறது. அபிஷேக நீர் விழும் கோமுகம் வடக்கே மட்டும் உண்டு. தெற்கே இணை இல்லை. அருகில் சண்டிகேசுவரர் சந்நிதி. அதுவும் ராஜராஜன் காலத்தது, அதற்கும் இணை இல்லை. மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் பிடித்துப் பசும்பால் ஆட்டிய சிறுவர் அவர். பூசையை இடறிய தந்தையின் காலையே வெட்டியவர். இறைவன் தான் சூடிய மாலையையும் உண்ட அமுதையும் அவருக்கே உரிமையாக்கினான். கல்லுக்குக் கல் அளவு பார்த்துக் கட்டியவர்கள் இந்தத் தொண்டருக்காக ஒருபுறத்தை மட்டும் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பிரதோஷ நாளில் சோமசூக்தப் பிரதட்சிணம் செய்கிறவர்கள் கோமுகத்தைத் தாண்டாமல் திரும்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் பலரும் விமானத்தை அண்ணாந்து பார்த்தபடியே இவ்விடத்தைக் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் போனால் சற்று நின்று சண்டிகேசுவரரையும் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.