தம்பியின் முழங்காலும் என் ரத்தமும்

மார்ச் 30, 2024

தம்பிக்கு ஹீமோபிலியா, ரத்தம் சரியாக உறையாத பிறவிக் குறைபாடு. வலது முழங்காலில் மறுபடியும் ரத்தக்கசிவு. வீக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே, "உள்ளே சூடா, குறுகுறுன்னு இருக்குக்கா" என்றான். அந்தக் குறுகுறுப்பை நம்பிவிட வேண்டும். காத்திருந்தால் மூட்டு கெட்டுப்போகும். ஐஸ் வைத்தோம். ரத்தம் உறைய வைக்கும் புரதமான ஃபேக்டர் 8, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்தது, ஃபிரிட்ஜில் இருந்தது. பொடியில் நீர் சேர்த்தபின் குலுக்கக் கூடாது, மெல்லச் சுழற்றித்தான் கரைக்க வேண்டும். நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து அது என் வேலை.

ஏப்ரல் 2

வீக்கம் வடிந்துவிட்டது.

சின்ன வயதில் எங்கள் ஊரில் இந்த மருந்து கிடையாது. ராத்திரியில் கசிவு வந்தால் அம்மாவும் அப்பாவும் அவனைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்கு பஸ் ஏறுவார்கள். நான் பக்கத்து வீட்டு அத்தையிடம் சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போவேன். சண்டை வந்தால் அவன் என்னை அடிக்கலாம், நான் திருப்பி அடிக்கக் கூடாது. ஒருமுறை கையில் பல் பதியக் கடித்துவிட்டான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அழுதேன். அவனும் கூடவே அழுதான்.

ஏப்ரல் 17

இன்று உலக ஹீமோபிலியா நாள். மருத்துவமனைக் கூட்டத்துக்குப் போனோம். டாக்டர் என்னைப் பார்த்து, "உனக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றார். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

குறைபாடு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அம்மா அதைச் சுமப்பவர் என்றால், ஒவ்வொரு மகளுக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. சுமக்கும் பெண்களில் சிலருக்கும் ஃபேக்டர் குறைவாக இருக்கும், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகும் என்றார். வயதுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரு வாரம் தாண்டியும் ரத்தப்போக்கு நிற்காது. கேட்டபோதெல்லாம் அம்மா சொன்னது, "எனக்கும் அப்படித்தான்டி."

மே 6

ரிசல்ட் வந்தது. ஃபேக்டர் 8 அளவு 34 சதவீதம். 50க்கு மேல் இருக்க வேண்டுமாம். மாதவிடாய் நாட்களுக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்தார். பல் பிடுங்கவோ ஆபரேஷனுக்கோ போனால் முதலிலேயே இதைச் சொல்லச் சொன்னார்.

அம்மா "எல்லாம் என்னாலதான்" என்று அழுதார். எனக்கு அம்மா மேல் கோபமே இல்லை. அவரும் இதே ரத்தப்போக்கோடு எங்கள் இருவரையும் பெற்றெடுத்தவர், அவரையும் யாரும் பரிசோதித்ததில்லை. அடுத்த வாரம் அவருக்கும் டெஸ்ட்.

மே 9

சித்தி மகள் பத்தாம் வகுப்பு. ஒவ்வொரு மாதமும் பள்ளிக்கு லீவு போடுகிறாள். அவளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி போனில் சித்தியிடம் பேசினேன். "கல்யாணம் பண்ண வேண்டிய பொண்ணு, இதெல்லாம் எதுக்கு?" என்றார். சரி, ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன். தம்பியும் வருகிறேன் என்கிறான்.